டேங்க் பேக்டரி இருக்கிறது, புத்தகம் இல்லை

மூன்று மாதமாக ஒரு புத்தகம் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில் எழுதுகிற பதிவு இது. வழக்கமாகப் புதுச்சேரிக் கதைகளை எதிர்பார்த்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் கொஞ்சம் புதுச்சேரியும் வரும்.

என்ன புத்தகம்? பெட்ரோல் இன்ஜினும் டீசல் இன்ஜினும் எப்படி ஓடுகின்றன என்று, ஒன்றும் தெரியாத ஒருவருக்கு, தமிழில், முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கிற புத்தகம். இருநூறு பக்கம் போதும். நல்ல படங்கள் வேண்டும். பரீட்சைக்கான கேள்விகள் வேண்டாம். இவ்வளவுதான் என் கோரிக்கை.

எனக்காகத் தேட ஆரம்பிக்கவில்லை. சேக்காட்டில் எங்கள் தெருமுனையில் ஒரு டூவீலர் மெக்கானிக் கடை. என் எக்ஸெல் வண்டியை அங்கேதான் விடுவேன். அங்கே ஒரு பையன், பத்தொன்பது வயது, பத்தாவது முடித்துவிட்டு மூன்று வருஷமாக வேலை செய்கிறான். ஒரு நாள் நான் போனபோது நொண்டிக்கொண்டு நின்றான். பழைய புல்லட் ஒன்று, பாயிண்ட் வைத்த காலத்து வண்டி. உதைத்தபோது கிக்கர் திருப்பி அடித்துவிட்டது. கணுக்காலுக்கு மேலே முட்டை மாதிரி வீங்கியிருந்தது.

முதலாளி உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். "பாயிண்ட் அட்வான்ஸ்ல கீது. வெயிட்டு, ஸ்ப்ரிங்கு ரெண்டையும் கழட்டிப் பாரு."

பையன் கழற்றினான். முதலாளி சொன்னது சரி. ஸ்ப்ரிங் தளர்ந்து, வெயிட் விரிந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. மாற்றினான், உதைத்தான், வண்டி ஓடியது. பத்து நிமிஷ வேலை. அதற்கப்புறம் என் பக்கத்தில் வந்து கேட்டான்: "சார், அட்வான்ஸ்ல இருந்தா ஏன் சார் திருப்பி அடிக்குது? யாரைக் கேட்டாலும் அடிக்கும்னுதான் சொல்றாங்க. ஏன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க."

நான் கண்ணாடி போட்டவன், வீட்டில் புத்தகம் வைத்திருப்பவன், அரசாங்க உத்தியோகம் பார்த்தவன். ஆகவே எல்லாம் தெரியும் என்று தெருவில் ஒரு எண்ணம். "புத்தகத்தைப் பார்த்துச் சொல்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்போது அது சுலபமான வாக்குறுதியாகத் தோன்றியது.

என் யோக்கியதையை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஸ்டோர்ஸ் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். லெட்ஜர், பின் கார்டு, இன்டென்ட், வவுச்சர். எங்கள் பட்டியலில் பெயர்கள் தலைகீழாக இருக்கும்: 'ரிங், பிஸ்டன்', 'வால்வ், எக்ஸாஸ்ட்', 'காஸ்கெட், சிலிண்டர் ஹெட்'. இவற்றை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. இருப்பு ஒன்று குறைந்தாலும் தூக்கம் வராது. ஆனால் பிஸ்டன் ரிங் எதற்கு இருக்கிறது, அதில் ஏன் ஒரு இடத்தில் வெட்டு இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பையன் மூன்று வருஷத்தில் கேட்டதை நான் முப்பத்தைந்து வருஷத்தில் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

இதில் வெட்கப்பட இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் படித்தது பிரெஞ்சு வழியில். த்ரூவாசியேம் வகுப்பில், 1965 வாக்கில், எங்கள் முசியே கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டு நான்கு சொல் எழுதினார்: அத்மிசியோன், கோம்ப்ரெசியோன், எக்ஸ்ப்ளோசியோன், எஷாப்மான். உள்ளே இழு, அமுக்கு, வெடி, வெளியே தள்ளு. பாடத்தின் தலைப்பு 'வெடி இன்ஜின்' என்று அர்த்தம் வரும். பிரெஞ்சில் இந்த இன்ஜினுக்கு அப்படித்தான் பெயர். இன்றைக்கு யாராவது என்னை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் அந்த நான்கு சொல்லையும் ஒப்பிப்பேன். நான்கு சொல், நான்கு கட்டம், பத்துக்கு ஒன்பது மார்க். ஒரு இன்ஜினைத் திறந்து காட்டியவர் யாரும் இல்லை. ஆகவே 'அந்நிய மொழியில் படித்தால்தான் அறிவியல் புரியும்' என்று யாராவது வந்தால், என்னை நேரில் வந்து பார்க்கலாம்.

சரி, தேடலுக்கு வருகிறேன்.

தமிழில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய். மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவுக்குத் தானியங்கி ஊர்திப் பொறியியல் பாடநூல் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கிண்டியில் இருக்கிற தேசிய பயிற்று ஊடக நிறுவனம், நிமி என்பார்கள், 1986இல் ஜெர்மனி உதவியோடு தொடங்கியது. ஐ.டி.ஐ. மாணவர்களுக்காகத் தொழிற்பிரிவு வாரியாகத் தமிழிலும் புத்தகம் போடுகிறது. பெரியசாமித் தூரன் பொறுப்பில் 1954 முதல் பத்துத் தொகுதியாக வந்த கலைக்களஞ்சியம் இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியம் இருக்கிறது. பாடநூல் நிறுவனம் அறுபது எழுபதுகளில் கல்லூரிக்காக நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களை வெளியிட்டது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழ் வழியில் இயந்திரப் பொறியியலே தொடங்கினார்கள். இன்னொரு பக்கம் 'முப்பது நாளில் மோட்டார் மெக்கானிசம்' என்கிற ரகத்தில் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்குகிற மெல்லிய புத்தகங்கள்.

இதில் எதை அந்தப் பையன் கையில் கொடுப்பது? பாடநூலைக் கொடுத்துப் பார்த்தேன். முதல் வாரம் பத்துப் பக்கம் படித்தான். பிறகு, "சார், இதுல கேள்விக்குப் பதில் இருக்கு, ஆனா அது நான் கேட்ட கேள்வி இல்ல" என்றான். பாடநூலைக் குறை சொல்லி என்ன பயன், அது பரீட்சைக்காகவே பிறந்தது. பாகம், அதன் வரையறை, வகைகள், நன்மைகள், தீமைகள் என்று அடுக்கிக்கொண்டு போவதுதான் அதன் வேலை. 'பாயிண்டை எந்த இடைவெளியில் வைப்பது' என்று பஸ் ஸ்டாண்டுப் புத்தகம் சொல்லும். 'பாயிண்ட் என்பது யாது' என்று பாடநூல் சொல்லும். ஏன் அப்படி என்று சொல்கிற புத்தகம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்த இடம் காலியாகக் கிடக்கிறது.

ஒரு பெரிய புத்தகக் கடையில் கேட்டேன். பெயர் வேண்டாம். விற்பனையாளர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். "இங்கிலீஷ்ல இருக்கு சார்" என்றார். தமிழில் வேண்டும் என்றேன். "தமிழ்ல யாரு சார் படிப்பாங்க? மெக்கானிக்குங்க புக்கு படிக்க மாட்டாங்க. படிக்கிறவங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்."

என் சண்டையெல்லாம் இந்த மூன்று வாக்கியத்தோடுதான். அவர் மேல் கோபமில்லை, எல்லாரும் நினைப்பதைச் சொன்னார். கையில் கிரீஸ் இருப்பவனுக்கு மூளைக்குத் தீனி தேவையில்லை, அவனுக்கு எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று சொன்னால் போதும் என்பது இந்த ஊரின் பழைய நம்பிக்கை. எப்போதிலிருந்து, யாரால் என்று நான் விளக்க வேண்டாம். எழுத்து ஒரு தெருவிலும் உளி ஒரு தெருவிலும் குடியிருந்த தேசம் இது. நான் எழுத்துத் தெருக்காரன்தான். அந்தத் தெருவில் உட்கார்ந்துகொண்டு 'ரிங், பிஸ்டன்' என்று எழுதிக்கொண்டே ஒரு ஆயுள் கழிந்தது.

மற்ற ஊர்களில் எப்படி? இங்கிலாந்தில் லேடிபேர்ட் என்ற குழந்தைகள் பதிப்பகம் 1965இல் மோட்டார் கார் எப்படி இயங்குகிறது என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு புத்தகம் போட்டது. ஒரு பக்கம் எழுத்து, எதிர்ப்பக்கம் வண்ணப்படம். பெரியவர்களும் அதை வைத்துப் பாடம் நடத்தினார்கள். அமெரிக்காவில் ஜான் முயிர் என்பவர் 1969இல் ஃபோக்ஸ்வேகன் காரை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று எழுதினார். முழு முட்டாளுக்கான கையேடு என்று அட்டையிலேயே போட்டுக்கொண்டார். லட்சக்கணக்கில் விற்றது. பிரெஞ்சில் எஜேன் அய்ஸ்பெர்க் என்பவர் ரேடியோவைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பையே 'ரேடியோவா? அது ரொம்பச் சுலபம் ஆயிற்றே!' என்று வைத்தார். இரண்டு பேர் பேசிக்கொள்வது போலப் புத்தகம் முழுக்கப் போகும். ஒருவனுக்குத் தெரியும், ஒருவனுக்குத் தெரியாது. தெரியாதவன் கேட்கிற கேள்விகள்தான் புத்தகத்தின் உயிர். ரஷ்யர்கள் பெரல்மானின் பௌதிகத்தைத் தமிழிலேயே அச்சடித்து இங்கே அனுப்பினார்கள். அவற்றை விற்றது நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம். அதன் தலைமையிடம் இதோ இருக்கிற அம்பத்தூர் தொழிற்பேட்டையில்தான். மாஸ்கோவில் உட்கார்ந்திருந்தவனுக்கு, தமிழ்ப் பையனுக்குப் பௌதிகம் தமிழில் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

நமக்கும் ஆள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1850களிலேயே உடற்கூற்று நூலைத் தமிழில் கொண்டுவந்தார், பிறகு தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பெ.நா. அப்புசாமி அரை நூற்றாண்டுக்கு மேல் அறிவியலைக் கதை போல எழுதினார். கோவையிலிருந்து ஜி.ஆர். தாமோதரன் கலைக்கதிர் நடத்தினார். அந்த வரிசை ஏன் இன்ஜினுக்கு வந்தவுடன் நின்றுவிட்டது என்பதே என் கேள்வி.

நின்றதற்கு ஒரு காரணம் சொற்சண்டை. உள்ளெரி எந்திரமா, உட்கனற்சிப் பொறியா, அகத்தகன எஞ்சினா என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். தகனம் என்றதும் எனக்கு மயானம்தான் ஞாபகம் வருகிறது, அது என் வயசு. பிஸ்டனுக்கு உந்துதண்டு, ஆடுதண்டு, முசலகம். கூடிப் பேசிச் சொல்லை முடிவு செய்தபிறகு புத்தகம் எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பட்டறையில் பிஸ்டன் பிஸ்டன்தான், கிராங்க் கிராங்க்தான். 'இன்ஜின் ஆயில் குடிக்குது', 'புகை தள்ளுது', 'மிஸ்ஸிங் அடிக்குது', 'பிக்கப் இல்ல', 'சீஸ் ஆயிடுச்சு' என்று பேசுகிற முழுமையான ஒரு தமிழ் அங்கே இருக்கிறது. அதில் எழுதினால் போதும். சொல்லாக்கம் செய்கிறவர்கள் பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கட்டும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

ஆனால் அந்த 'உள்ளெரி' என்ற சொல்லை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, என் மகன் முதல் எல்லாரும் சொல்வது: "அப்பா, யூடியூப்ல எல்லாம் இருக்குப்பா." இருக்கிறது, பார்த்தேன். தமிழில் நம் மெக்கானிக்குகள் போடுகிற வீடியோக்கள் பிரமாதம். ஹெட்டை எப்படிக் கழற்றுவது, வால்வை எப்படி லேப் செய்வது என்று கையைக் காட்டிச் சொல்கிறார்கள். நான்கு ஸ்ட்ரோக்கும் ஓடுகிற அசையும் படத்தைப் பார்த்தபோது, அறுபது வருஷம் கழித்து எங்கள் முசியேயின் நான்கு கட்டமும் நகர ஆரம்பித்தது எனக்கு. மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு துண்டு. எது முதலில், எது அடுத்தது என்று கோக்கிற நூல் கிடையாது. பையன் ஒரே இரவில் டர்போவும் பார்க்கிறான், சைலன்சரும் பார்க்கிறான், நடுவில் கிரிக்கெட்டும் பார்க்கிறான். புத்தகத்தில் ஏழாம் பக்கம் புரியாவிட்டால் ஆறாம் பக்கத்துக்குப் போகலாம். வீடியோவில் புரியாவிட்டால் அடுத்த வீடியோதான்.

"இன்ஜினே போகப்போகுது சார், எலக்ட்ரிக் வந்துடுச்சு" என்பது மூன்றாவது சமாதானம். வரட்டும். இன்று சாலையில் ஓடுகிற வண்டிகளை இன்னும் இருபது வருஷம் யாராவது பழுது பார்க்கத்தானே வேண்டும்? அதுவும் இந்தப் பையனுக்கு நெருக்கடி எலக்ட்ரிக் வண்டியால் வரவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 கட்டாயமானது. கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது, சைலன்சரில் ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. கார்புரேட்டரைக் காதால் கேட்டே டியூன் செய்யத் தெரிந்தவன் இன்ஜெக்டர் வண்டி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். இன்ஜெக்டர் எதைச் செய்கிறது? கார்புரேட்டர் செய்ததைத்தான். கார்புரேட்டர் ஏன் அதைச் செய்தது என்று தெரிந்திருந்தால் இன்ஜெக்டரையும் அவன் பிடித்துவிடுவான். ஏன் என்று தெரியாமல் கை மட்டும் பழகியதால், வண்டி மாறியதும் கையும் பயனற்றுப் போகிறது. டூ ஸ்ட்ரோக் போனபோதும் இதுதான் நடந்தது. நாளைக்கு பேட்டரி வண்டிக்குத் தமிழில் யார் புத்தகம் எழுதப்போகிறார்கள்? இன்ஜினுக்கு எழுதாத அதே ஆட்கள்தான்.

ஜி.டி. நாயுடுவைச் சொல்லாமல் தமிழில் இன்ஜின் பேச முடியாது. ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வெள்ளைக்காரரிடம் வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, மறுபடி பூட்டினார் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். 1920இல் பொள்ளாச்சியிலிருந்து பழனிக்குப் பஸ் விட்டார். இந்தக் கதையை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். 'பார், புத்தகமா படித்தார்?' என்று பையன்களிடம் சொல்வதற்கு. மேதைக்குப் புத்தகம் தேவையில்லை, அவர் பிரித்துப் பார்த்துக்கொள்வார். மேதை அல்லாத லட்சம் பேருக்குத்தான் தேவை. அந்த நாயுடுவே கோவையில் தொழில்நுட்பப் பள்ளி தொடங்கியவர், நான்கு வருஷப் படிப்பு வீண், குறைந்த காலத்தில் கற்றுத் தரலாம் என்று வாதாடியவர். அந்தப் பாதியை நாம் சொல்வதில்லை.

இனி, சொல்ல முடியுமா என்று பார்ப்போம். இங்கிலீஷ் புத்தகங்களும் பிரெஞ்சுப் புத்தகங்களும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் எழுதிப் பார்த்ததில் கொஞ்சம்.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இப்படிச் சொன்னால் பையன் கொட்டாவி விடுவான். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஆகவே அதற்கு வேண்டிய காற்று 11 கிலோ. காற்றை லிட்டரில் அளந்தால் 9,000 லிட்டர். நம் தெருவுக்கு வருகிற பெரிய தண்ணீர் லாரி 9,000 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு லாரி காற்று என்று சொன்னவுடன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப ஏர் ஃபில்டர் அடைச்சா வண்டி இழுக்காதது இதனாலதானா சார்?" ஏர் ஃபில்டரை அவன் நூறு தடவை மாற்றியிருப்பான்.

டீசலுக்கு ப்ளக் கிடையாது, பின் எப்படிப் பற்றுகிறது? சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். காற்றை வேகமாக அமுக்கினால் சூடாகும். பெட்ரோல் இன்ஜின் பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது என்றால், டீசல் பதினாறு முதல் இருபதில் ஒரு பங்காக அமுக்குகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். தென்கிழக்காசியக் காட்டுவாசிகள் மூங்கில் குழாயில் இப்படி அமுக்கியே பஞ்சில் நெருப்பு உண்டாக்கினார்கள். ருடால்ப் டீசல் ஜெர்மன் பெற்றோருக்குப் பாரிஸில் 1858இல் பிறந்தவர். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய இன்ஜின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் புதுச்சேரித் துறையிலிருந்து மல்லாட்டை கப்பல் கப்பலாக பிரான்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த எண்ணெயில் எங்கள் பக்கத்து மல்லாட்டை ஒன்றிரண்டு இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம், ஆதாரம் கேட்காதீர்கள்.

நான்கு ஸ்ட்ரோக் தத்துவத்தை 1862இல் காகிதத்தில் எழுதி வைத்தவர் போ த ரோஷா என்ற பிரெஞ்சுக்காரர். 1876இல் இன்ஜினாகச் செய்து ஓட்டியவர் ஜெர்மனியின் ஆட்டோ. அந்தப் பழைய காகிதத்தைக் காட்டித்தான் 1886இல் ஆட்டோவின் காப்புரிமையை ரத்து செய்தார்கள். ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக எனக்குக் காகிதத்தின் பக்கம்தான் மனம் போக வேண்டும். போகவில்லை, செய்தவன் பக்கம்தான் போகிறது.

இப்போது பையனின் கேள்வி. பிஸ்டன் மேலே வந்து சேர்ந்த பிறகு ப்ளக் பொறி விடும், வெடிக்கும், பிஸ்டன் கீழே போகும் என்று எங்கள் முசியே கட்டம் போட்டார். அது தப்பு. பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே பொறி விழுகிறது. காரணம், உள்ளே நடப்பது வெடிப்பு இல்லை, எரிதல். ப்ளக் முனையில் பற்றிய நெருப்பு சிலிண்டர் முழுக்கப் பரவக் கொஞ்ச நேரம் ஆகும், ஒரு வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது பிஸ்டன் கீழிருந்து மேலே வருவதற்கே வினாடியில் நூறில் ஒரு பங்குதான். ஆகவே முன்கூட்டியே பற்ற வைத்தால்தான், பிஸ்டன் உச்சியைத் தாண்டும் சமயத்தில் அழுத்தம் முழுசாக வந்து சேரும். சோறு பன்னிரண்டு மணிக்கு வேண்டுமென்றால் பதினொன்றரைக்கு உலை வைப்பது போல. இதுதான் அட்வான்ஸ்.

காலால் உதைக்கும்போது பிஸ்டன் மெதுவாக ஏறுகிறது. அப்போது அதே அளவு முன்கூட்டிப் பற்ற வைத்தால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குள் எரிந்து முடிந்து, ஏறி வருகிற பிஸ்டனைத் திரும்பக் கீழே தள்ளிவிடும். கிராங்க் பின்னோக்கிச் சுற்றும், கிக்கர் காலை உடைக்கும். வேகம் குறைவாக இருக்கும்போது அட்வான்ஸைக் குறைத்து, வேகம் ஏற ஏறக் கூட்டுவதற்காகத்தான் அந்த இரண்டு வெயிட்டும் ஸ்ப்ரிங்கும். ஸ்ப்ரிங் தளர்ந்தால் நிற்கிற வண்டி ஓடுகிற வண்டி மாதிரி நினைத்துக்கொள்கிறது.

இதனால்தான் சொன்னேன், 'வெடி இன்ஜின்' என்ற பிரெஞ்சுப் பெயர் என்னை அறுபது வருஷம் ஏமாற்றிவிட்டது. வெடி என்று நினைத்தவனுக்கு அட்வான்ஸ் ஒரு நாளும் புரியாது. 'உள்ளெரி' என்று தமிழில் வைத்தவர் விஷயம் தெரிந்து வைத்திருக்கிறார். இத்தனை நல்ல சொல்லை வைத்துவிட்டு, அதை ஒரு பையன் படிக்கிற வாக்கியத்துக்குள் கொண்டுவராமல் அகராதியிலேயே பூட்டி வைத்திருக்கிறோம்.

கடைசியாக, என் சண்டையில் பாதி என் சகாக்களோடு. ஆவடி என்ற பெயரே இங்கிலீஷில் ராணுவ வண்டி டிப்போவின் சுருக்கம் என்று ஒரு கதை சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் டேங்க் பேக்டரி 1961இல் வந்தது உண்மை. 1965இல் இங்கே விஜயந்தா உருண்டது உண்மை. அதன் லேலண்ட் இன்ஜினில் ஒரே சிலிண்டருக்குள் எதிரெதிராக இரண்டு பிஸ்டன். இப்படி ஒரு அதிசயம் எங்கள் ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தது! 1987இல் இன்ஜின் பேக்டரி வந்தது, பன்னிரண்டு சிலிண்டர், 780 குதிரைத்திறன் டீசல் இன்ஜின்களைச் செய்தார்கள். டேங்க் வடிவமைக்கிற ஆராய்ச்சிக் கூடமும் இங்கேதான். அம்பத்தூரில் அடுத்தடுத்த ஷெட்டில் இன்ஜின் பாகம் கடைகிறார்கள். இந்த இடங்களில் முப்பது நாற்பது வருஷம் இன்ஜினைப் பூட்டியவர்கள், சோதித்தவர்கள், வரைந்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்று சேக்காட்டிலும் பருத்திப்பட்டிலும் கோவில்பதாகையிலும் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். காலையில் நடக்க வருகிறார்கள். நானும் அவர்களோடுதான் நடக்கிறேன். பேச்சு பென்ஷன், சம்பளக் கமிஷன், சர்க்கரை அளவு. ராணுவ ரகசியத்தை எழுதச் சொல்லவில்லை ஐயா. பிஸ்டன் ஏன் ஏறி இறங்குகிறது என்பது ரகசியம் இல்லை, ஆட்டோ செய்து காட்டி நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது. "எனக்குத் தமிழ்ல எழுத வராது" என்றார் ஒருவர். பேசினால் போதும், நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். எனக்கு இன்ஜின் தெரியாது, இன்டென்ட் எழுதத் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே ஒரு சுற்று கூட நடந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இதுவரை நாற்பத்திரண்டு தாள் எழுதியிருக்கிறேன், கையால். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் பையன் வந்து வாசிக்கிறான். இரண்டு இடத்தில் திருத்தியிருக்கிறான், இரண்டும் சரி. பிஸ்டன் ரிங்கில் ஏன் வெட்டு என்பதை அவன்தான் எனக்கு விளக்கினான், தேய்ந்த ரிங் ஒன்றைக் கொண்டுவந்து விரலால் அமுக்கிக் காட்டி. சூட்டில் ரிங் விரியும், விரிய இடம் வேண்டும். சிலிண்டருக்குள் போகும்போது சுருங்கவும் வேண்டும், சுருங்கினால்தான் சுவரோடு அழுத்திக்கொண்டு நிற்கும். ஒரு நிமிஷம் ஆகவில்லை. அந்த ரிங்கை என் மேஜை மேல் வைத்திருக்கிறேன்.

போன வாரம் அவன் கொண்டுவந்த கேள்வி: பிஸ்டன் கீழே போய்ச் சேர்வதற்கு முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடுகிறதே, தள்ளுகிற சக்தி வீணாகாதா? புத்தகங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்ஜின் பேக்டரிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், காலை ஆறு மணிக்குப் பூங்காவில் இருப்பேன். தாளும் பேனாவும் என்னிடம் இருக்கும்.